சீரியல் பார்த்து சர்ஜன் ஆசை: வீட்டிலேயே முடிச்சுப் பழகலாமா? கை நடுக்கம், ரத்தம், கோட்டா சந்தேகங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை_பிளஸ்ஒன்

எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது பிளஸ் ஒன் பயாலஜி. கிளாஸில் நாங்கள் நாலு பேர் ஆஸ்பத்திரி சீரியல் பைத்தியங்கள். கொரியன், அமெரிக்கன், டப்பிங் ஆனது, ஆகாதது, ஒன்றையும் விடுவதில்லை. நாலு பேருக்கும் சர்ஜன் ஆகணும். வீட்டில் சிரிக்கிறார்கள். அதனால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

சீரியலில் ஜூனியர் டாக்டர்கள் கட்டில் கம்பியில் நூல் கட்டிப் பழகுகிறார்களே, அதை இப்போதே வீட்டில் செய்யலாமா? என்ன வாங்க வேண்டும்? பிராக்டிகலில் ஸ்லைடு போடும்போது எனக்கு விரல் நடுங்குகிறது, இதை வைத்துக்கொண்டு சர்ஜன் ஆக முடியுமா? ஒரு தோழிக்கு ரத்தத்தைப் பார்த்தாலே கண் இருட்டும், அவள் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? திரையில் காட்டுவதில் எது நிஜம், எது சும்மா? கடைசியாக ஒன்று: அப்பா பொள்ளாச்சிக்காரர், அம்மா கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகா. நான் பிறந்ததும் படிப்பதும் இங்கே கேரளப் பக்கம்தான். எந்த மாநில கோட்டாவில் போவது?

பதில்: தியேட்டர்_சிஸ்டர்

கண்ணு, "எது சும்மா" என்ற கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். தியேட்டர் நர்ஸ் கண்ணில் முதலில் படுவது மாஸ்க். சீரியலில் ஹீரோ முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் மாஸ்க்கை இழுத்து மூக்கில் மாட்டுவார். அந்த நொடியே கை கெட்டுப்போச்சு, மறுபடி முதலிலிருந்து கழுவணும். தொப்பி, மாஸ்க், கண்ணாடி எல்லாம் முதலில். மோதிரம், வளையல், வாட்ச், நெயில் பாலிஷ் எதுவும் கூடாது. அதற்கு அப்புறம்தான் தண்ணீர்.

அன்றைய முதல் கேஸுக்கு சுமார் ஐந்து நிமிஷம், அடுத்தடுத்த கேஸுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள். கிருமிநாசினி பொவிடோன் அயோடின் ஸ்கரப் 7.5 சதவீதம், இல்லையென்றால் குளோர்ஹெக்ஸிடின் 4 சதவீதம். நகத்தடி, விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை என்ற வரிசை. மேலே போன கை திரும்பக் கீழே வரக்கூடாது. விரல் நுனி எப்போதும் முழங்கையை விட உயரத்தில் இருக்கணும். தண்ணீர் முழங்கை வழியாகத்தான் சொட்டணும். கையைத் தாழ்த்தினால் கழுவாத மேல்கையில் பட்ட தண்ணீர் விரலுக்கு இறங்கி வரும், கழுவியதற்கே அர்த்தம் இல்லை. சர்ஜன்கள் கையைத் தூக்கிக்கொண்டு நடப்பது ஸ்டைலுக்கு இல்லை, இதுக்குத்தான்.

கவுன் போட்ட பிறகும் உடம்பு முழுக்க ஸ்டெரைல் என்று நினைக்காதே. முன்பக்கம் நெஞ்சிலிருந்து டேபிள் மட்டம் வரை, கையில் முழங்கைக்குச் சற்று மேல் வரை, அவ்வளவுதான். முதுகும் அக்குளும் கணக்கில் இல்லை. திரையில் சீனியர் டாக்டர் ஸ்டெரைல் கையைக் கட்டி அக்குளில் செருகிக்கொண்டு யோசிப்பார். நிஜத்தில் அப்படி நின்றால் கிளவுஸும் கவுனும் இரண்டும் மாற்றணும்.

அடுத்தது கவுன்ட். இதை எந்த சீரியலும் முழுசாகக் காட்டுவதில்லை, பார்க்க சுவாரஸ்யமாக இருக்காது என்பதால் இருக்கும். வயிற்றைத் திறக்கிறதுக்கு முன்னாடி காஸ் துணி, ரத்தம் ஒற்றும் மாப், ஊசி, கருவி எல்லாவற்றையும் ஸ்கரப் நர்ஸும் (கை கழுவி டேபிளில் கருவி கொடுப்பவர்) சர்க்குலேட்டிங் நர்ஸும் (வெளியே நின்று எடுத்துக் கொடுப்பவர்) சேர்ந்து வாய்விட்டு எண்ணிப் போர்டில் எழுதணும். மாப் ஐந்து ஐந்தாக வரும், பிரித்து ஒவ்வொன்றாக எண்ணணும். ஒரு கட்டுக்குள் நாலுதான் இருக்கிறது என்றால் அந்தக் கட்டையே ஒதுக்கி வைக்கணும், "சரி, நாலு என்று எழுதிக்கோ" என்று சமாளிக்கக் கூடாது. வயிற்றுக்குழியை மூடும் முன் ஒரு தரம், தோலை மூடும்போது ஒரு தரம் மறுபடி எண்ணுவோம். கணக்கு உதைத்தால் சர்ஜன் தையலை நிறுத்தணும். உள்ளே, பேஷன்டை மூடிய டிரேப் துணியின் மடிப்பில், தரையில், பக்கெட்டில் தேடணும். கிடைக்கவில்லையா, பேஷன்ட் டேபிளில் இருக்கும்போதே எக்ஸ்ரே. ஒவ்வொரு மாப்பிலும் எக்ஸ்ரேயில் தெரியும்படி ஒரு நூல் ஓடுவது இதற்காகவே. உள்ளே மறந்து விடுவது அதிகம் நடப்பது அவசர ஆபரேஷனில், எதிர்பாராமல் திட்டம் மாறும் கேஸில், பருமனான உடம்பில். எண்ணுகிறவர் பாதியில் டியூட்டி மாறினாலும் ஆபத்துதான்.

இன்னொன்று, செக்லிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது, மொத்தம் 19 அம்சம். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், பேஷன்ட் தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தம். பெயர், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், அலர்ஜி உண்டா, ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா. எட்டு நாடுகளில், டெல்லி உட்பட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஒரு தாள் செய்த வேலை. ஆன்டிபயாட்டிக் ஏன் அதில் இருக்கிறது என்றால், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்கணும். செஃபசோலின் என்றால் பெரியவர்களுக்கு 2 கிராம், எடை 120 கிலோவுக்கு மேல் 3 கிராம், ஆபரேஷன் நாலு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். வார்டிலேயே காலையில் போட்டுவிட்டு மதியம் கேஸ் எடுத்தால் கத்தி வைக்கும்போது ரத்தத்தில் மருந்து போதாது.

கத்தியைக் கையிலிருந்து கைக்கு எறிகிற மாதிரி கொடுப்பதும் சினிமாதான். கிட்னி டிரேயில் வைத்து நகர்த்துவதுதான் முறை.

பதில்: மதில்மேல்_பூனை

எல்லாம் சரி சிஸ்டர். ஆனால் பாப்பாவுக்கு இப்போது தேவை ஃபிசிக்ஸ். நீட்டில் 180 கேள்வி, 720 மார்க், 180 நிமிஷம். பயாலஜி 90 கேள்வி, கெமிஸ்ட்ரி 45, ஃபிசிக்ஸ் 45. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. சர்ஜன் ஆசை உள்ள பிள்ளைகள் பயாலஜியை மூன்று தரம் படித்துவிட்டு ரொட்டேஷனையும் எலெக்ட்ரோஸ்டாட்டிக்ஸையும் தள்ளிப் போடும். ரேங்க் விழுவது அங்கேதான். முடிச்சு அப்புறம் போடலாம்.

பதில்: ஊசிநூல்

மேலே சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் நூல் கட்டினால் ஃபிசிக்ஸ் கெட்டுப்போகாது. அந்தப் பத்து நிமிஷத்தையும் தப்பாகப் பழகினால்தான் கேடு. பின்னால் அதை மறக்கடிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு நிறத்தில் ஷூ லேஸ் எடுத்து முனையோடு முனை சேர்த்து, அந்த இணைப்பு பின்னால் போகும்படி நாற்காலிக் கைப்பிடியில் சுற்று. வலது கையில் ஒரு நிறம், இடது கையில் ஒரு நிறம். முதலில் இரண்டு கை முடிச்சு, அது கண்ணை மூடிக்கொண்டு வந்த பிறகு ஒற்றைக் கை. முதல் சுற்று ஒரு திசையில் என்றால் இரண்டாவது அதற்கு எதிர்த் திசையில் போக வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் அது சறுக்கும் முடிச்சு, ரத்தக்குழாயில் போட்டால் அவிழ்ந்து ரத்தம் கொட்டும். லேஸில் நிறம் இரண்டாக இருப்பதால் சரியா தப்பா என்று பார்த்தவுடன் தெரியும்: சரியான முடிச்சில் ஒவ்வொரு நிறமும் தன் வளையத்துக்குள் போன வழியாகவே திரும்பி வெளியே வரும், முடிச்சு தட்டையாகப் படுத்திருக்கும். தப்பானதில் நூல் குறுக்காக முறுக்கி நிற்கும்.

திசை சரியாக இருந்தும் முடிச்சு நழுவினால், நீ ஒரு நூலை மட்டும் இழுக்கிறாய் என்று அர்த்தம். ஒரு நூல் விறைப்பாக நின்று மற்றது அதைச் சுற்றினால் எத்தனை முடிச்சு போட்டாலும் வழுக்கும். இரண்டு கையும் ஒரே நேர்க்கோட்டில், எதிரெதிராக, சமமாக இழுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் கைகள் இடம் மாறியாக வேண்டும்.

இது வந்ததும் இரண்டு பரீட்சை வைத்துக்கொள். ஒரு காலி அட்டைப்பெட்டியின் அடியில் கொக்கி ஒன்றை மாட்டி, பெட்டிக்குள் விரலை விட்டு அதில் கட்டு. பெட்டி தரையை விட்டு எழும்பினால் நீ மேல்நோக்கி இழுக்கிறாய். வயிற்றுக்குள் ஆழத்தில் அப்படி இழுத்தால் குழாய் பிய்ந்து வரும். ஆள்காட்டி விரல் நுனியால் முடிச்சைக் கீழே தள்ளி இறுக்கப் பழகு. இரண்டாவது, ஒரு டப்பா வாயில் இரண்டு ரப்பர் பேண்டுகளை ஒரு விரல் இடைவெளியில் மாட்டி, இரண்டையும் சேர்த்துக் கட்டு. முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவில் ரப்பர் பிரிந்தால், காயத்தின் விளிம்பும் அப்படித்தான் பிரியும். அங்கே முதல் சுற்றை மட்டும் இரட்டையாகச் சுற்றுவது உதவும்.

ஷூ லேஸிலிருந்து தையல் நூலுக்கு, அதிலிருந்து 2-0 சில்க்குக்கு இறங்கு. பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும்: 2-0 ஐ விட 4-0 மெல்லியது, 10-0 கண் ஆபரேஷனுக்கு. சில்க் சொரசொரப்பானது, மூன்று சுற்றில் நிற்கும். நைலானும் பாலிப்ராப்பிலீனும் வழவழப்பு, ஐந்தாறு சுற்று வேண்டும்.

தையலுக்கு வரவேண்டும் என்றால் ஆறு அங்குல நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி), பல் வைத்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி), ஒரு கத்தரி, வளைந்த கட்டிங் நீடில் கோர்த்த 3-0 நைலான் போதும். பிளேடு வேண்டாம், வீட்டில் நடக்கும் விபத்தெல்லாம் அதில்தான். தோல் உரிக்காத கோழித் தொடை கேட்டு வாங்கு. கீறலை அம்மாவை வைத்துக் கறிக்கத்தியால் போட்டுக்கொள். ஹோல்டரைக் கட்டை விரலும் மோதிர விரலும் பிடிக்க, ஆள்காட்டி விரல் மேலே நீண்டு வழிகாட்ட வேண்டும். ஊசியை நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடி. நூல் சேரும் இடத்தில் பிடித்தால் ஊசி அங்கேயே மடங்கும். தோலுக்குள் செங்குத்தாக இறக்கி, மணிக்கட்டைச் சுழற்று. ஊசி வளைவாக இருப்பதால் அதன் பாதையும் வளைவுதான். நேராகத் தள்ளுகிறவர் கையில்தான் ஊசி வளையும், தோல் கிழியும். இரண்டு விளிம்பிலும் ஒரே ஆழம், ஒரே தூரம், சுமார் 5 மில்லிமீட்டர். ஆழம் மாறினால் ஒரு விளிம்பு படிக்கட்டு மாதிரி ஏறி நிற்கும். விளிம்புகள் லேசாகத் தொட்டு வெளிப்பக்கம் சற்றே மலர்ந்தால் போதும். உயிருள்ள தோல் வெளுத்துப் போகிற அளவு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விளிம்பு செத்துவிடும், அடுத்த நாள் வீக்கத்தில் இன்னும் இறுகும். முடிச்சைக் காயத்தின் மேல் உட்கார விடாதே, ஒரு பக்கமாகத் தள்ளிவை. இறுக்கம் அதிகமா என்று பார்க்க வாழைப்பழத் தோல் நல்ல வாத்தியார், சட்டென்று கிழித்துக் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்த ஊசியை மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போடு. அந்தப் பாட்டிலை, வீட்டுக் குப்பை வாங்க வரும் ஹரித கர்ம சேனா அக்காமார்களின் பையில் போட்டுவிடாதே. அவர்கள் கையால் பிரிப்பவர்கள். மூடிய பாட்டிலை ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடு, அங்கே கூர்மையான பொருளுக்கென்று வெள்ளை நிறத் துளையாத டப்பா உண்டு. ஆஸ்பத்திரியில் உபயோகித்த ஊசியை யாராவது "பழக" என்று கொடுத்தால் தொடவே தொடாதே. கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, தைத்த கறியைச் சமைக்காதே. மனிதர் மேல், விளையாட்டுக்குக் கூட, கூடாது.

கை நடுக்கம்: நடுங்காத கை கிடையாது. எல்லா மனிதருக்கும் விநாடிக்கு 8 முதல் 12 தரம் என்ற அளவில் ஒரு மெல்லிய அதிர்வு உண்டு. காபி, தூக்கமின்மை, பட்டினி, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பதற்றம், எல்லாம் அதைக் கூட்டும். கருவியை இறுக்கிப் பிடித்தால் இன்னும் கூடும், ஆரம்பக்காரர்கள் எல்லாரும் செய்வது அதுதான். சர்ஜன்கள் நடுக்கத்தை ஒழிப்பதில்லை, தாங்கல் கொடுக்கிறார்கள்: முழங்கை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டோ சுண்டுவிரலோ ஏதாவது ஒன்றின் மேல் ஊன்றி. உன் ஸ்லைடிலும் அதையே செய். உள்ளங்கையின் ஓரத்தை மேஜையில் ஊன்றி, கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் தொடவைத்து ஊசியால் மெல்ல இறக்கு. ஆனால் சும்மா இருக்கும்போதே கை ஆடுகிறது, எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். அதற்கு டாக்டரிடம் போ.

ரத்தம் பார்த்து மயங்கும் தோழிக்கு: அது பயந்த சுபாவம் இல்லை, ஒரு நரம்பு அனிச்சை. ரத்த அழுத்தமும் நாடியும் சட்டென்று இறங்கும். மெடிக்கல் மாணவர்களிடம் சாதாரணம், பெரும்பாலும் பழகப் பழகக் குறையும். வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது, முழங்காலைப் பூட்டி விறைப்பாக நிற்கக் கூடாது. கண் இருளத் தொடங்கும்போது தொடை, வயிறு, கை தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து, 20 முதல் 30 விநாடி தளர்த்து, ஐந்து தரம். அழுத்தம் ஏறும். அப்படியும் நிற்கவில்லையா, "உட்காருகிறேன்" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார வேண்டும். வெட்கப்பட்டுச் சமாளிப்பவர்தான் ஸ்டெரைல் டிராலி மேல் விழுவார்.

பதில்: மயக்கமருந்து

சீரியலில் மயக்க மருந்து கொடுக்கும் என் ஆட்கள் ஸ்கிரீனுக்குப் பின்னால் ஒரு தலை மட்டும்தான். பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் ஒரு தப்பை மட்டும் விட முடியாது. மானிட்டரில் கோடு நேராகப் போகும், எல்லாரும் "கிளியர்" என்று கத்தி ஷாக் கொடுப்பார்கள், கோடு துள்ளும். நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது. ஷாக் செய்வது என்ன? தாறுமாறாக ஓடும் மின்னோட்டத்தை ஒரேயடியாக நிறுத்தி, இதயத்தின் சொந்தத் தாளம் மறுபடி தொடங்க இடம் கொடுப்பது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனுக்கும் (இதயத்தின் கீழறைகள் வெறுமனே துடிதுடிப்பது) நாடி இல்லாத வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவுக்கும் (கீழறைகள் மிதமிஞ்சிய வேகத்தில் ஓடுவது) தான் அது. நேர்க்கோட்டில் நிறுத்த ஒன்றுமே இல்லை. அங்கே நெஞ்சு அழுத்தம், மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அட்ரினலின் 1 மி.கி., கூடவே காரணம் தேடல். கோடு நேராக வந்தால் முதலில் மானிட்டர் ஒயர் (லீட்) கழன்றிருக்கிறதா என்றும் பார்ப்போம்.

நெஞ்சு அழுத்தத்தையும் நடிகர்கள் முழங்கையை மடக்கித்தான் செய்வார்கள், எதிரில் படுத்திருப்பவர் உயிருள்ள நடிகர் ஆயிற்றே. நிஜத்தில் கை நேராக, தோள் நெஞ்சுக்கு நேர் மேலே, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக எழும்ப விட வேண்டும், இல்லாவிட்டால் இதயம் நிறையாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாற வேண்டும். களைத்த கை ஆழம் குறைத்துவிடும், அது களைத்தவருக்கே தெரியாது. விலா எலும்பு முறியலாம், அதற்காக நிறுத்தக் கூடாது. 1996-ல் அமெரிக்க டி.வி. தொடர்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், திரையில் சி.பி.ஆர். பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் உடனே பிழைத்தார்கள், 67 சதவீதம் பேர் வீட்டுக்கே போனார்கள். நிஜம் அதற்குப் பக்கத்தில் கூட வராது. உறவுக்காரர்கள் ஐ.சி.யூ. வாசலில் எங்களிடம் கேட்கும் கேள்விகள் அந்தத் திரைக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

நீங்கள் நாலு பேரும் இப்போதே உருப்படியாகக் கற்க முடிந்தது இந்த சி.பி.ஆர். தான். பொம்மை வைத்துச் சொல்லித்தரும் இடத்தில் கற்றுக்கொள்ளுங்கள், வீடியோ பார்த்து ஆழம் பிடிபடாது.

ஆபரேஷன் காலையில் இட்லி சாப்பிடும் சீரியல் பேஷன்ட் பற்றி: லேசான உணவு என்றாலும் 6 மணி நேரம், வெறும் தண்ணீர் போன்ற தெளிவான திரவம் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும், எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் கூடுதல். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும். "ஒரு வாய் காபிதானே" என்று மறைப்பவர்கள் அதிகம். பால் கலந்த காபி தெளிவான திரவம் இல்லை.

பதில்: கோட்டா_கணக்கு

கோட்டாவுக்கு வருகிறேன். எல்லை ஊர்களில் வருஷாவருஷம் இதில்தான் குழப்பம்.

நீட் ஒன்றுதான், சேர்க்கை மூன்று வழி. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர் எல்லாம் எம்.சி.சி. என்ற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் கவுன்சிலிங்கில். அதற்கு எந்த மாநிலம் என்பது பிரச்சினை இல்லை. மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலம். கேரளாவில் நீட் எழுதினால் மட்டும் போதாது, நுழைவுத்தேர்வு ஆணையரிடம் கீம் (இன்ஜினியரிங், மெடிக்கல் இரண்டுக்கும் பொதுவான மாநில விண்ணப்பம்) தனியாகப் போட வேண்டும். அது பெரும்பாலும் நீட் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடும். "நான் இன்ஜினியரிங் எழுதவில்லையே" என்று விட்டுவிடும் பிள்ளைகள் மாநில ரேங்க் பட்டியலில் பெயரே இல்லாமல் நிற்பார்கள். தமிழ்நாட்டில் நீட் முடிவுக்குப் பிறகு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பம்.

உன் நிலைமையில் அம்மா வழியாகவும் பிறப்பு வழியாகவும் கேரளா நேரடி. அப்பா வழியாகத் தமிழ்நாட்டு நேட்டிவிட்டி கேட்கவும் வழி உண்டு, அதற்குப் பெற்றோரின் ஆவணங்கள் வேண்டும். ஆனால் இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர்க்காரர் என்று கோர முடியாது, தமிழ்நாட்டு விளக்கக் குறிப்பேடு அதைத் தெளிவாகவே தடுக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடு. தேர்ந்தெடுக்கும் முன் சாதிச் சான்றிதழைப் பார். ஒரு மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள சாதி மற்றதில் இல்லாமல் போகலாம், அல்லது வேறு பிரிவில் இருக்கலாம். அந்த ஒரு வரி மாறினாலே கட்-ஆஃப் மாறும். தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இப்போது பிளஸ் டூவுக்கு மட்டும் பொள்ளாச்சிப் பக்கம் மாறினால் அது கிடைக்காது. அதை நம்பி டி.சி. வாங்கிவிடாதீர்கள்.

பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே என்று நினைப்பீர்கள். அது பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் கீழ் 2014-ல் தொடங்கியது, பெரும்பகுதி இடங்கள் அந்தப் பிரிவு மாணவர்களுக்கே. பொதுப் பிரிவுக்கு மிச்சம் குறைவு.

மொழி: தமிழில் கேள்வித்தாள் வேண்டும் என்றால் விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்வு செய்து, தமிழ்நாட்டில் சென்டர் போட வேண்டும், உங்களுக்குக் கோயம்புத்தூர். பாலக்காடு சென்டரில் தமிழ்த் தாள் கிடைக்காது. பத்தாவது வரை தமிழில் படித்தாலும் பிளஸ் ஒன் பாடத்தை ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஆங்கிலத் தாளே எடுப்பது நல்லது என்பது என் கருத்து. கேள்வியில் முரண் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி.

சேரும் வருஷத்தின் டிசம்பர் 31-க்குள் வயது 17 முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றிலும் தேறியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை_பிளஸ்ஒன்

சிஸ்டர் அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி. அட்டைப்பெட்டி எழும்புது சார்! இன்னும் மூன்று சந்தேகம். நான் இடது கைக்காரி. அது பிரச்சினையா? இதய சர்ஜன் ஆக எத்தனை வயது ஆகும்? நாலு பேரில் ஒருத்திக்கு மார்க் வராது என்று அவளே சொல்கிறாள், அவளுக்குத் தியேட்டருக்குள் வர வேறு வழி உண்டா?

பதில்: ஊசிநூல்

இடது கை தடை இல்லை. ஆனால் சாதாரண நீடில் ஹோல்டரின் பூட்டும் கத்தரியின் அலகும் வலது கைக்காக அமைந்தவை. கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று விலக்கும், நூல் வெட்டாமல் மடங்கும். கட்டை விரலை உள்பக்கம் இழுத்து அழுத்தினால் வெட்டும். ஹோல்டரின் பூட்டைத் திறக்க வலது கைக்காரர் கட்டை விரலை வெளியே தள்ளுவார், நீ உள்ளே இழுக்க வேண்டும். இடது கைக் கருவிகள் விற்பனைக்கு உண்டு, ஆனால் எல்லாத் தியேட்டரிலும் இருக்காது. அதனால் முடிச்சை இரண்டு கையிலும் பழகு. ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. லாப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாக கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) இரண்டு கையும் சமமாக வேண்டும், அங்கே உனக்கு இது லாபம்.

வயதுக் கணக்கு: எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன்சி. பிறகு நீட் பி.ஜி., எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. செட். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி மூன்று வருஷம், அதில் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிப் பணி. பிறகு இன்னொரு தேர்வு, இதய சர்ஜரிக்கான மேல்படிப்பு எம்.சி.ஹெச். மூன்று வருஷம். பதினெட்டில் சேர்ந்து எங்கும் இடறாமல் போனால் இருபத்தொன்பதரை. பெரும்பாலோர் எங்காவது ஓரிரு வருஷம் இடறுவார்கள், பாண்ட் சேவையும் (படித்ததற்கு ஈடாகச் செய்ய வேண்டிய கட்டாய அரசுப் பணி) சேரும். சீரியலில் இருபத்தைந்து வயதுக்காரர் தனியாக நெஞ்சைத் திறப்பார். நிஜத்தில் அந்த வயதில் காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்திருப்பார், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவார், சர்க்கரை நோய்க்காரரின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வார்.

எம்.எஸ். காலத்தில் கை வருவது ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், சீழ்க்கட்டி, மூலம், பித்தப்பையில். வயிற்றை மூடுவதற்குக்கூடக் கணக்கு உண்டு: காயத்தின் நீளத்தைப் போல் குறைந்தது நாலு மடங்கு நூல் செலவாக வேண்டும். அதற்குக் குறைந்தால் தையல் தள்ளித் தள்ளியோ இறுக்கமாகவோ விழுந்திருக்கிறது, பின்னால் அந்த இடத்தில் ஹெர்னியா வரும். ஆபரேஷன் முடிந்தவுடன் சீரியல் முடிந்துவிடும், எங்களுக்கு அதன் பிறகுதான் பயம். குடலை வெட்டி இணைத்தால் இணைப்பு கசிவது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். முதலில் வயிற்றுவலி கூட வராது, நாடி மட்டும் காரணமில்லாமல் 110, 120 என்று ஓடும். ராத்திரி ரவுண்ட்ஸில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாமல் நிற்கிறவர்தான் நல்ல சர்ஜன். கை வேகம் எல்லாம் அப்புறம்.

பதில்: தியேட்டர்_சிஸ்டர்

கண்ணு, உன் தோழிக்கு வழி இருக்கு. பி.எஸ்ஸி. நர்சிங் படித்து ஸ்கரப் நர்ஸாக வரலாம். ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீஸியா டெக்னாலஜி என்று தனிப் படிப்பும் இருக்கு. கேரளாவில் டிப்ளமோ, விண்ணப்பம் எல்.பி.எஸ். சென்டர் வழியாக. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. பட்டமாக இருக்கு. சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கா, சொந்த ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனை மேஜர் கேஸ் நடக்குது என்று இரண்டையும் கேட்கச் சொல். தியேட்டரே இல்லாமல் தியேட்டர் டெக்னாலஜி நடத்துகிற இடங்களும் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கு.

அட்டைப்பெட்டிக்குள் ஒரு கல் வைத்து ஏமாற்றாதே.